ஐபிஎம் ஃபுட் டிரஸ்ட்: சங்கிலி உறுதி, முதல் கண்ணியில்தான் சந்தேகம்

நறுக்கிய மாம்பழப் பொட்டலம் ஒன்று எந்தத் தோப்பிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னார், அப்போது அமெரிக்கச் சில்லறைக் கடை நிறுவனமான வால்மார்ட்டின் உணவுப் பாதுகாப்புத் துணைத் தலைவராக இருந்த ஃபிராங்க் யியானஸ். குழுவுக்கு 6 நாள், 18 மணி, 26 நிமிடம் பிடித்தது. ஐபிஎம்முடன் சேர்ந்து சோதித்த பிளாக்செயின் அமைப்பில் (பலர் சேர்ந்து எழுதும், எழுதியதை அழிக்க முடியாத மின்னணு ஏடு) அதே விடை 2.2 நொடியில் வந்தது. 2018 அக்டோபரில் அந்த அமைப்பு ஃபுட் டிரஸ்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது இந்தக் கதைதான் அதன் பெரிய விளம்பரம். கதை பொய்யில்லை. ஆனால் ஒரு பக்கம் தாளும் தொலைபேசியும். மறுபக்கம் முன்கூட்டியே கணினியில் ஏற்றிவைத்த பதிவுகள். சாதாரணத் தரவுத்தளத்தில் ஏற்றியிருந்தாலும் நொடிக்கணக்கில்தான் வந்திருக்கும்.

அப்படியானால் பிளாக்செயின் எதற்கு? இது ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற, நிறுவனங்களுக்கான பிளாக்செயின் மென்பொருள் மேல் கட்டியது. பிட்காயின் போல நாணயமும் கிடையாது, அதை உருவாக்கும் மைனிங்கும் கிடையாது. அனுமதி பெற்றவர் மட்டுமே உள்ளே வரலாம். தன் பதிவை யார் பார்க்கலாம் என்பதைப் பதிவுக்கு உரியவரே முடிவு செய்கிறார். ஒன்றுக்கொன்று போட்டியான நிறுவனங்கள் ஒரே ஏட்டில் எழுதலாம். எழுதியதை யாரும் சத்தமில்லாமல் திருத்த முடியாது. இதற்கு மேல் பிளாக்செயினிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வேலையின் முக்கால் பங்கு ஜி.எஸ்.1 தரநிலையில் (பார்கோடு எண்களை வகுக்கும் உலக அமைப்பின் விதிகள்) இருக்கிறது. முதலில் ஒவ்வொரு பண்ணை, பேக்கிங் கூடம், கிடங்குக்கும் ஜி.எல்.என். என்ற இட எண், ஒவ்வொரு பொருளுக்கும் ஜி.டி.ஐ.என். என்ற பொருள் எண். இவை ஏறிய பிறகுதான் நிகழ்வுகளை இ.பி.சி.ஐ.எஸ். வடிவில் (என்ன, எங்கே, எப்போது நடந்தது என்று எழுதும் ஜி.எஸ்.1 முறை) அனுப்ப வேண்டும். லெட்டூஸ் கீரையை எடுத்துக்கொண்டால், அறுவடை லாட் (ஒரே எண் பெறும் தொகுதி) உருவாவது ஒரு நிகழ்வு, பெட்டிகள் பேலட்டில் (சரக்கை அடுக்கித் தூக்கும் தட்டு) ஏறுவது இன்னொன்று. அனுப்புவதும் வாங்குவதும் தனித்தனி. கழுவி நறுக்கிப் பையில் அடைப்பது உருமாற்றம்: எந்த லாட்டுகள் உள்ளே போயின, எந்த லாட் வெளியே வந்தது என்று இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் இந்த உருமாற்றத்தில்தான். நறுக்கும் கூடத்தில் காலையில் வந்த மூன்று பண்ணைக் கீரையும் ஒரே தொட்டியில் விழும். நேரம் பிரித்து எழுதாமல் "இன்றைய லாட்" என்று ஒரே எண்ணைப் போட்டால், பின்னால் தேடும்போது ஒரு பைக்கு மூன்று பண்ணையும் விடையாக வரும். பதிவில் பிழையே இல்லை, பயனும் இல்லை. லாட்டுக்கு லாட் இடையே தொட்டியைக் காலி செய்து கழுவினால் லாட் சுருங்கும். வேலை நேரம் கூடும். எந்த மென்பொருளும் இந்தப் பேரத்தை நமக்காக முடித்துக் கொடுக்காது.

அடுத்தது பேலட். கிடங்கில் பேலட்டைப் பிரித்துப் பாதிப் பெட்டிகளை வேறு வண்டியில் ஏற்றுவார்கள். பிரித்ததை ஸ்கேன் செய்யமாட்டார்கள். ஏட்டில் எல்லாப் பெட்டியும் பழைய பேலட்டிலேயே உட்கார்ந்திருக்கும். கடையில் பெட்டியைத் திறந்து தட்டில் கொட்டியதும் லாட் எண் அதோடு போயிற்று, பையில் அடைத்த பொருளைத் தவிர. நிகழ்வு நேரத்தோடு நேர மண்டல வித்தியாசத்தைத் தப்பாகப் போட்டால், அனுப்புவதற்கு முன்பே சரக்கு வந்து சேர்ந்ததாகக் காட்டும். தப்பாக எழுதியதை அழிக்க முடியாது, இ.பி.சி.ஐ.எஸ். 1.2-இல் பிழை அறிவிப்பு என்று ஒரு வழி உண்டு, அதைப் போட்டுச் சரியான நிகழ்வை மறுபடி அனுப்ப வேண்டும்.

பண்ணையில் ஒருவர் பக்கத்து வயல் கீரையைத் தன் லாட்டில் சேர்த்தால் பிளாக்செயினுக்குத் தெரியாது. பொய்யையும் அது அழியாமல் காக்கும்.

2018-இல் அரிசோனாவின் யூமா பகுதி ரோமெய்ன் வகை லெட்டூஸ் கீரையில் ஈ.கோலை கிருமி பரவி 210 பேர் பாதிக்கப்பட்டனர், ஐந்து பேர் இறந்தனர். அந்த ஆண்டு செப்டம்பரில் வால்மார்ட், கீரை தருபவர்கள் ஓராண்டுக்குள் இந்த ஏட்டுக்கு வர வேண்டும் என்று கடிதம் அனுப்பியது. அதுதான் இதன் உண்மையான பலம். இதே ஐபிஎம், கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்குடன் சேர்ந்து கப்பல் சரக்குக்காக நடத்திய டிரேட்லென்ஸை மூடப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்தது. துறை முழுவதும் சேரவில்லை என்பதே சொன்ன காரணம். இங்கே சேரச் சொன்னது சரக்கை வாங்குபவர்.

அறிமுகக் கட்டணம் சிறு நிறுவனத்துக்கு மாதம் 100 டாலரில் தொடங்கியது, பெரியவற்றுக்கு 10,000 டாலர். சந்தாவைவிட லேபிள் அச்சடிக்கும் இயந்திரமும் ஸ்கேன் செய்யும் ஆளும்தான் செலவு. உணவின் தடத்தைப் பதிவு செய்யச் சொல்லும் அமெரிக்காவின் 204-ஆம் விதியும் பிளாக்செயின் கேட்கவில்லை. அதிகாரிகள் கேட்ட 24 மணி நேரத்துக்குள் வரிசைப்படுத்தக்கூடிய மின்னணு விரிதாளைக் கொடுத்தால் போதும். இந்தியத் திராட்சை ஐரோப்பாவுக்குப் போக அபீடாவின் (இந்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பு) கிரேப்நெட் இருக்கிறது, அது பிளாக்செயின் இல்லாத மையத் தரவுத்தளமாகத் தொடங்கியதுதான்.

ஆகவே பெரிய வாங்குபவர் கேட்டால் சேருங்கள், கேட்காவிட்டால் அவசரமில்லை. சேர்ந்தால் முதலில் ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு பாதை. அனுப்பும் ஒவ்வொரு நிகழ்வுக் கோப்பின் நகலும் உங்கள் கணினியிலும் இருக்கட்டும். டிரேட்லென்ஸ் மாதிரி இதையும் ஒரு நாள் மூடினால் அந்தக் கோப்புகளை வேறு அமைப்பில் ஏற்றிக்கொள்ளலாம்.