பழைய தேக்கில் சமையலறை: ஆறாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

திருச்சியில் உள்ள எங்கள் வீட்டின் சமையலறையை 2019இல் புதுப்பித்தபோது, ஊறி உப்பிப்போன பிளைவுட் அலமாரிகளைக் கழற்றிவிட்டு, காரைக்குடியில் பழைய வீட்டு மரங்களை விற்கும் கடைகளிலிருந்து வாங்கிய உத்திரங்களையும் கதவுகளையும் அறுத்துப் புதிய அலமாரிகள் செய்தோம். பர்மா தேக்கு என்று சொல்லித்தான் எல்லாக் கடைகளிலும் விற்கிறார்கள். மியன்மர் 2014 ஏப்ரலில் அறுக்காத மரங்களின் ஏற்றுமதியைத் தடை செய்த பிறகு அந்தப் பெயருக்கு மதிப்பு இன்னும் கூடிவிட்டது. ஆனால் வாங்குபவர் பார்க்க வேண்டியது பெயரையன்று, வைரத்தை, அதாவது மரத்தின் உட்பகுதியில் உள்ள கெட்டியான பாகத்தை. எவ்வளவு பழைய தேக்காக இருந்தாலும், ஓரத்தில் உள்ள வெளிறிய பகுதியைக் கரையானும் உளுப்பூச்சியும் விட்டுவைப்பதில்லை. ஆகவே அப்பகுதி முழுவதையும் அறுத்துத் தள்ளச் சொன்னோம். வாங்கிய கன அடியில் கணிசமான பங்கு அதிலேயே போனது.

பழைய கதவுகளை வாங்குவோர் பெயின்ட் விஷயத்தில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத் தூசு வீடெங்கும் பரவும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைச் செய்யவே கூடாது. நாங்கள் வேலையை வெளியே வைத்து, நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைத் தனியே கட்டி அகற்றினோம். அறுப்பதற்கு முன் காந்தத்தை வைத்து ஆணிகளைத் தேடி எடுப்பதும் அவசியம். ஒரே ஓர் ஆணி ரம்பத்தின் பல்லைப் பாழாக்கிவிடும்.

இந்த ஆறாண்டுகளில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தவை கதவுகளே. எங்கள் தச்சர் சட்டத்தில் காடி என்னும் நீளப் பள்ளம் எடுத்து, பலகையைப் பசையோ ஆணியோ இல்லாமல் அதற்குள் தளர்வாக நிறுத்தினார். மரம் ஈரக்காற்றில் அகலவாக்கில் விரியும், வெயிலில் சுருங்கும். அந்த அசைவுக்கு இடம் இருந்ததால் ஒரு பலகைகூட வெடிக்கவில்லை. இழுப்பறைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவற்றில் இரண்டு இறுகிக்கொள்கின்றன. தை பிறந்தால் தாமே சரியாகின்றன.

பாத்திரம் துலக்கும் தொட்டியின் கீழே மரமே வைக்கவில்லை, கடப்பைக் கல்தான். எந்த மரத்துக்கும் அந்த இடம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. மேடையும் கிரானைட். மரத்துக்கு வார்னிஷ் பூசாமல் ஆளிவிதை எண்ணெய் மட்டும் தேய்க்கிறோம். அடுப்புக்கு அருகிலுள்ள கதவுகளில் தாளிப்புப் பிசுக்கு படிகிறது, மஞ்சள் கறையும் எளிதில் போவதில்லை. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை அந்த இடத்தை மட்டும் இழைத்து மீண்டும் எண்ணெய் பூச முடிவது, மேல்தாள் ஒட்டிய பலகையில் கிடைக்காத வசதி. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்த வேண்டும். சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். ஈரம் படும் இடங்களில் இரும்புத் திருகாணி மரத்தைச் சுற்றிக் கருங்கறையை உண்டாக்கும் என்பதால் பித்தளையே போட்டோம்.

செலவைப் பொறுத்தவரை, மரத்தில் மிச்சமானது கூலியில் போய்விட்டது. பணத்தை மிச்சப்படுத்தும் நோக்கத்தோடு மட்டும் இதில் இறங்குவோருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பழைய மரத்தில் வேலை செய்து பழகிய தச்சர் கிடைத்த பிறகே மரம் வாங்கப் புறப்படுவது நல்லது.