டார் மேல தாஹோ-லாஃப்ஸ், மூணு வருசம் ஓட்டுனதுல கண்டது

மதுரை சிம்மக்கல்ல சின்னதா போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம்னு பத்து வருசப் படம் ஒரே ஹார்ட் டிஸ்க்ல கெடந்துச்சு, அது டக் டக்குனு சத்தம் போட ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் புத்தி வந்துச்சு.

திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, திண்டுக்கல், கோயம்புத்தூர்ல மச்சான் வீடு, என் கடைன்னு ஆறு எடத்துல பழைய கம்ப்யூட்டர வச்சு தாஹோ-லாஃப்ஸ்னு, ஃபைலப் பல மெஷின்ல பிரிச்சுப் பத்திரமா வக்கிற சாஃப்ட்வேரப் போட்டோம். ஃபைல நம்ம மெஷின்லயே என்கிரிப்ட் பண்ணி (சாவி இல்லாம படிக்க முடியாம பூட்டி), துண்டு துண்டாக்கித்தான் அங்கிட்டு அனுப்பும், மச்சானே நெனச்சாலும் அடுத்தவுக வீட்டு விசேசப் படத்தப் பாக்க முடியாது. டீஃபால்ட்ல 10 துண்டு போட்டு அதுல எந்த 3 கெடச்சாலும் ஃபைல் வந்துரும். நாங்க ஆறுல மூணுன்னு மாத்திக்கிட்டோம், 1 ஜிபிக்கு மொத்தம் 2 ஜிபி எடம் போகும்.

இந்த மெஷினெல்லாம் பேசிக்கறது டார் வழியா, அதாவது யாரு எங்க இருந்து பேசுறாகன்னு தெரியாம பல மெஷின் வழியாச் சுத்தி அனுப்பற நெட்வொர்க். அத எடுத்தது ஒளிஞ்சுக்கறதுக்கு இல்லங்க. எங்க நெட்ல ஒரே பப்ளிக் ஐபிய பல வீட்டுக்குப் பிரிச்சு விட்டுருக்காக, வெளில இருந்து உள்ள வர வழியே கெடையாது. டார்ல ஆனியன் சர்வீஸ்னு ஒரு வசதி, அதுல நம்ம மெஷினே வெளிய போயி கனெக்சன் போட்டுக் காத்திருக்கும், ரெண்டு பக்கமும் நடுவுல சந்திச்சுக்கும், ரௌட்டர்ல எதையும் தொறக்க வேணாம். ஐபி தெரியாம இருக்கறது கொசுறு.

வேகம் மட்டும் கேக்காதீக. ரெண்டு பக்கமும் மூணு மூணு ரிலே (நடுவுல கடத்தி விடற மெஷின்), மொத்தம் ஆறு தாண்டிப் போகணும். கேமரால எடுத்த மேனிக்கு இருக்கற பெரிய ரா ஃபைலெல்லாம் ஏத்தவே முடியாது, எடிட் பண்ண ஜேபெக் அஞ்சு ஜிபிய ராத்திரி ஷட்டர் எறக்கும்போது போட்டு விட்டா மறுநா ராத்திரியும் ஓடிக்கிட்டு இருக்கும். இதுல மாசாந்தர கரண்ட் கட்டு அன்னிக்கு மேலூர் இருக்காது, உசிலம்பட்டில மிக்சிக்காக பிளக்கப் புடுங்கிருவாக. 'ஹேப்பி'ன்னு ஒரு செட்டிங், அத்தன மெஷின்ல துண்டு பரவலேன்னா அப்லோடே ஆகாது, அஞ்சுன்னு வச்சு அவதிப்பட்டு நாலாக் கொறச்சேன்.

பெரிய கோளாறு திண்டுக்கல்ல. தாஹோ தானா எதையும் அழிக்காது, ஆனா டிஸ்க் நெறஞ்சுருச்சுன்னு பங்காளி லீஸ் எக்ஸ்பைரிய (தவணை முடிஞ்ச துண்ட அழிக்கற செட்டிங்) ஆன் பண்ணிட்டாரு, லீஸ் 31 நாளுதான், நான் புதுப்பிக்கவே இல்ல, பழைய கல்யாணம் பூராம் அவரு மெஷின்ல காலி. மத்த அஞ்சுல இருந்ததால ரிப்பேர் போட்டு மீட்டேன். இப்ப வாராவாரம் டீப்-செக் (எல்லா ஃபைலையும் சோதிக்கறது), ரிப்பேர், ஆட்-லீஸ் (தவணையப் புதுப்பிக்கறது) மூணும் கிரான்ல, அதாவது நேரம் வச்சு வேலைய ஓட்டற புரோகிராம்ல, தானா ஓடுது.

போன வருசம் லேப்டாப் செத்துருச்சு, எல்லாப் படத்தையும் தொறக்கற சாவி மாதிரி ரூட்கேப்னு ஒரு நீள எழுத்து வரிசை, அது இருந்த ஏலியாஸ் ஃபைலும் அதோட போச்சு. பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு யார்ட்டயும் போய் நிக்க முடியாது. நல்லவேள, அந்த ரூட்கேப்ப கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல கைல எழுதி வச்சிருந்தேன், ரெண்டு பகுதி, 26 எழுத்து ஒண்ணு, 52 எழுத்து ஒண்ணு. என் கையெழுத்துல ஓவா சைபரான்னு எனக்கே தெரியல. இதுல 0, 1, 8, 9 வரவே வராதுன்னு மகதான் தேடிச் சொன்னா, அதுல பாதிக் கொழப்பம் தீந்துச்சு. எஸ்ஸா அஞ்சான்னு மாத்தி மாத்திப் போட்டு நாலாவது தடவைல தொறந்துச்சு. இப்ப பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணி, நகைச்சீட்டோட பீரோல கெடக்கு.