மருந்துக்கடை டாச்சிங்: வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்

சிங்கப்பூர்ப் பழம்பொருள் கடைகளில் வயலின் வடிவ மரப்பெட்டியோடு கிடைக்கும் சின்ன டாச்சிங், சீன மருந்துக்கடைக்காரர்கள் மூலிகை நிறுத்த கைத்தராசு. எலும்புக்கோல், பித்தளைத் தட்டு, நூலில் தொங்கும் எடைக்கல், அவ்வளவுதான். நம் ஊர்க் கைத்தராசான வெள்ளிக்கோலில், தூக்கிப் பிடிக்கும் பிடிகயிறு நகரும். இதில் எடைக்கல் நகரும். பிடிகயிறு இரண்டு இருந்தால், தட்டுக்குக் கிட்டே இருப்பது கனமான சரக்குக்கு. ஒவ்வொன்றுக்கும் கோலின் வேறு பக்கத்தில், எடை காட்டும் தனிப் புள்ளி வரிசை உண்டு.

அழகைப் பார்த்து ஏமாறக்கூடாது. பாதிக்குப் பாதி சிக்கல் எடைக்கல்லில்தான்: தொலைந்துபோய் வேறொன்றைக் கட்டியிருப்பார்கள். கல் இலேசானால் தராசு கூடுதலாகக் காட்டும். தட்டின் நூலைத் தடித்த நைலானாக மாற்றினாலும் அதே கோளாறுதான்.

கடையிலேயே சோதிக்கலாம். பிடிகயிறு இரண்டு இருந்தால் தட்டுக்குத் தள்ளி இருப்பதைப் பிடித்து, காலித் தட்டோடு கல்லை முதல் புள்ளியில் வையுங்கள். கோல் கிடையாக நிற்கவேண்டும். பிறகு இப்போதைய சிங்கப்பூர் 1 வெள்ளி (டாலர்) நாணயம் ஐந்தைத் தட்டில் போடுங்கள். ஒன்று 7.62 கிராம், ஆக 38.1. இந்தத் தராசின் எடை அளவான ‘தாகில்’ ஒன்றுக்கு 37.8 கிராம் என்பதால், கல் ஒரு தாகில் புள்ளியை ஒட்டியே நிற்கும். தள்ளி நின்றால் அது அலங்காரப் பொருள் மட்டுமே. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

‘தந்தக்கோல்’ என்று சொன்னால் வாங்கவே வேண்டாம். 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே யானைத் தந்த விற்பனைக்குத் தடை. எலும்பில் சின்னச் சின்னக் கருங்கோடுகளும் குழிகளும் தெரியும். தந்தத்தின் வெட்டுமுகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வலைக்கோடுகள் ஓடும். பூதக்கண்ணாடி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.