ஜானிசரி அதிகாரியின் உருவப்படம்: நீர்வண்ணத் தாளா, வண்ணமிட்ட அச்சா?

உஸ்மானிய சுல்தானின் நிலையான காலாட்படையான ஜானிசரிப் படையின் அதிகாரி ஒருவரின் பழைய உருவப்படத்தை வாங்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இஸ்தான்புல் கடைத்தெரு ஓவியர்கள் ஐரோப்பியத் தூதர்களுக்கும் பயணிகளுக்கும் தீட்டிக் கொடுத்த நீர்வண்ணத் தாள். மற்றது, ஐரோப்பாவில் செப்புத் தகட்டில் அச்சாகிக் கையால் வண்ணமிடப்பட்ட படம். நான் நீர்வண்ணத் தாளையே வாங்கினேன்.

அச்சுப் படத்தின் சிறப்புகளுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சுத் தூதர் பெரியோலுடன் 1699-இல் இஸ்தான்புல் வந்த ஓவியர் வான்மூரின் படங்களைத் தழுவி, 1714-இல் பாரிசில் வெளியான 100 தகடுகளின் தொகுப்பில் உடலமைப்பும் துணிமடிப்பும் தேர்ந்த கைகளால் அமைந்தவை. எந்தத் தகடு எந்த நூலைச் சேர்ந்தது என்று எளிதில் காட்டிவிடலாம் என்பதால் விற்பதும் சுலபம்.

என் முடிவைத் தீர்மானித்தது நிறம். ஜானிசரிப் படையில் உடையே பதவியைச் சொல்லும்: பொதுவாக மேலதிகாரிகளின் காலணி மஞ்சள், சாதாரண வீரர்களுடையது சிவப்பு. தகடு தருவதோ கோடுகளை மட்டும்தான். நிறத்தைப் பின்னர் பூசியவர்களில் பலர் இஸ்தான்புல்லைக் கண்ணால் கண்டிராதவர்கள். ஒரே தகட்டின் இரு பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒன்றில் சிவப்பாக இருந்த காலணி மற்றொன்றில் பழுப்பாக இருந்தது. படத்தில் இருப்பவரின் பதவியை அறிய விரும்பும் எனக்கு அது பெருங்குறையாகவே பட்டது.

என்னிடம் உள்ள தாளில் நிற்பவர் ஒரு சோர்பஜி. 'சூப் பரிமாறுபவர்' என்ற பொருளுள்ள அப்பெயர் உண்மையில் ஒரு படைப்பிரிவின் தலைவரைக் குறிக்கும். முகத்தில் தனித்த சாயல் ஏதுமில்லை. ஆனால் தலையில் உயர்ந்த இறகுக் கொண்டையும் காலில் மஞ்சள் காலணியும் துலக்கமாக உள்ளன. அந்நாளில் இதை வாங்கியவர் கேட்டது ஆளை அல்ல, பதவியை. ஓவியரோ அந்த உடையைத் தெருவில் தினமும் பார்த்தவர். 1826-இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அப்படையைக் கலைத்தபின் அவ்வுடை தெருவிலிருந்தே மறைந்துபோனதால், இத்தாள்களின் நிறத்துக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

பராமரிப்பில் நீர்வண்ணம் தொல்லைதான். மாவுப்பசையும் முட்டை வெண்கருவும் பூசித் தேய்த்து மெருகேற்றிய தாளில் நிறம் மேற்பரப்பிலேயே நிற்பதால், வளைத்தால் உதிரும், வெளிச்சத்தில் மங்கும். ஒரே ஒரு தாளை வைத்திருந்த அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன்: அதைப் பெட்டியில் படுக்கையாக வைத்து, வேண்டும்போது மட்டும் எடுத்துப் பார்க்கிறேன். கூடத்துச் சுவரில் மாட்ட நினைப்பவர் அச்சையே வாங்கலாம்; அதன் நிறம் வெளுத்தாலும் கோடு நிற்கும். நீர்வண்ணம்தான் வேண்டுமென்றால், படத்தின் அடியில் பதவியின் பெயரை எழுதிய பழைய கையெழுத்து வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.