என்-ரோட்ஸ்: மூன்று வருடம், ஒரே ஒரு மௌஸ்

மண்டபத்து புரொஜெக்டர் ஆறு வாரம் பழுதாகிக் கிடந்து, போன வாரம்தான் சரியாகி வந்தது. அதே வாரம் ஈப்போ நண்பர் கேட்டார்: "எங்க தாமான்லயும் அந்த என்-ரோட்ஸைப் போட்டுக் காட்டலாமா? உருப்படியா ஏதாவது நடக்குமா?" பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் குடியிருப்பாளர் கூட்டங்களில் மூன்று வருடமாக இந்தக் காலநிலைக் கணிப்புக் கருவியை ஓட்டுகிறேன். அவருக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். கிளைமேட் இன்டராக்டிவ் என்ற அமைப்பும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் சேர்ந்து 2019 கடைசியில் வெளியிட்டது. இலவசம், பிரவுசரிலேயே ஓடும். நிலக்கரி, கார்பன் விலை (கரியமில வாயுவை வெளியிடுவதற்குப் போடும் கட்டணம்), காடு வளர்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு ஸ்லைடர், அதாவது இழுத்து நகர்த்தும் பட்டை இருக்கும்; அதை மௌஸால் நகர்த்தினால் 2100-இல் பூமி எவ்வளவு சூடாகும் என்று அந்த நொடியே காட்டும்.

எனக்குப் பிடித்தது, நகர்த்துவதற்கு முந்தைய அரை நிமிடம். "இதை முழுசா தள்ளினா எவ்வளவு குறையும்?" என்று கேட்டு, ஆளுக்கு ஒரு எண்ணைத் தாளில் எழுத வைப்பேன். வார இறுதியானால் மரக்கன்று நடப் போய்விடும் ஓர் அண்ணன், காடு வளர்ப்புக்கு 'ஒரு டிகிரியாவது குறையும்' என்று எழுதினார். கடைசி வரை தள்ளியும் எண் கொஞ்சம்தான் அசைந்தது. மரம் வளர்ந்து காற்றிலிருக்கும் கார்பனை இழுக்கப் பல பத்தாண்டுகள் ஆகும், அவ்வளவு நிலமும் வேண்டுமே. அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் "அப்போ எதுதான் அசைக்கும்?" என்று முதலில் கேட்டவர் அவர்தான். நிலக்கரிக்கு மட்டும் வரி போட்டால் அது விட்ட இடத்தில் எரிவாயு வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதை வரைபடத்தில் கண்டுபிடித்தவரும் அவரே. அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

கோபம் வருவது மௌஸில். அது யார் கையில் இருக்கிறதோ, அவர் முடிவுதான் கூட்டத்தின் முடிவு. பின்வரிசை அக்காக்கள் "கொஞ்சம் நிறுத்துங்க" என்பதற்குள் நான்கு ஸ்லைடர் நகர்ந்திருக்கும். விடை உடனே வருவதால் யோசிக்கிற இடைவெளியே போய்விடுகிறது. கடைசியில் "எல்லாரும் சேர்ந்து சூடு ஏறுறதை 2 டிகிரிக்குக் கொண்டுவந்தோம்" என்று கைதட்டல். எந்த எல்லாரும்? முன்வரிசையில் மூன்று பேர். ஒருமுறை மௌஸை வயதில் மூத்த ஓர் அம்மாவிடம் கொடுத்தேன். பக்கத்திலிருந்த மகன் அவர் கையைப் பிடித்து நகர்த்தினார். இப்போது யாரிடமும் கொடுப்பதில்லை. ஐந்து மேசை, மேசைக்கு ஒரு தாள், பேசி ஒரு முடிவு, அப்புறம்தான் திரை. கூட்டம் இரண்டு மணி நேரம் இழுக்கிறது, பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள்.

2017 நவம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரைப் பார்த்த ஒரு பாட்டி கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி, சுங்கை பினாங்கு ஏறினா எங்க வீட்டுக்கு எவ்வளவு வரும்?" இது உலகக் கணக்குப் போடும் கருவி. எங்கள் ஆறும் கால்வாயும் இதற்குள் இல்லை. பாட்டிக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

ஈப்போ நண்பருக்கு வேண்டாம் என்றுதான் எழுதினேன். கால்வாய், குப்பை பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு இதைக் கொண்டு போகாதீர்கள். ஐந்தாம் படிவப் பள்ளிப் பிள்ளைகள் கிடைத்தால் மட்டும் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்குங்கள். முதலில் தாளைக் கொடுங்கள், மௌஸை ஒளித்து வையுங்கள்.