நான்கு மூலிகைக் கஷாயமும் சியாவ் யாவ் சூரணமும்

சீன மருத்துவத்தில் மாதவிடாய்த் தொல்லைகளுக்கு அதிகம் பேசப்படும் 'ஸி வு தாங்', 'சியாவ் யாவ் சான்' இரண்டும் சோங் அரசமரபின் அரசு மருந்தகத் தொகுப்பில் இடம்பெற்றவை. டாங் குய் வேரும் வெள்ளைப் பியோனி வேரும் இரண்டிலும் உண்டு. ஆயினும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

ஸி வு தாங் என்றால் நான்கு பொருள் கஷாயம். அந்த இரு வேர்களுடன் பதப்படுத்திய ரெமானியா கிழங்கையும் சுவான் சியோங் என்ற மூலிகை வேரையும் சேர்த்துக் காய்ச்சுவர். 'இரத்தக் குறைவு' எனச் சீன வைத்தியர் கொள்ளும் நிலைக்கு, அதாவது வெளிறிய முகம், தலைசுற்றல், குறைந்த உதிரப்போக்கு ஆகியவை சேர்ந்து காணும்போது, இதைத் தருகிறார்கள். ரெமானியா பிசுபிசுப்பானது, செரிமானம் மந்தமானவர்களுக்கு இது பொருந்தாது என்று அவர்களே எச்சரிக்கிறார்கள்.

சியாவ் யாவ் சானோ அந்த இரு வேர்களோடு சாய் ஹு, பாய் ஷு, ஃபூ லிங் என்ற சீன மருந்துப் பொருள்கள், அதிமதுரம் ஆகியவற்றுடன் சிறிது இஞ்சியும் புதினாவும் சேரும் சூரணம். மனஅழுத்தம், மாதவிடாய்க்கு முன் மார்பு வலி, பசியின்மை ஆகியவை கூடி வரும்போது இதையே தேர்வர்.

மரபின் பகுப்பு எனக்குத் தெளிவாகவே தோன்றுகிறது. நவீனச் சான்று அவ்வளவு உறுதியானதல்ல. 1997இல் வெளியான ஆய்வொன்றில், மாதவிடாய் நின்ற 71 பெண்களிடம் 24 வாரம் சோதித்தபோது, தனி டாங் குய் வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தரவில்லை. முழுக் கலவைகளை அது சோதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் இரண்டில் எதையும் தொடக் கூடாது. உதிரப்போக்கு மிகுந்தால் முதலில் இரும்புச்சத்துப் பரிசோதனைதான், கஷாயம் அல்ல.