மலைப்பனிக்கு ஏற்ற மைக்: ஷ்யூர் எஸ்எம்58

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், ஹெத்தை ஹப்பா திருவிழா நடக்கும் டிசம்பர், ஜனவரி விடியலில் பந்தல் தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டும். அந்த ஈரத்தில் கண்டென்சர் மைக் வைத்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், கடுகு பொரிகிற மாதிரி சத்தம் போட வாய்ப்புண்டு. அதன் தகடுகளில் தேங்கி நிற்கும் மின்னூட்டம் ஈரத்தின் வழியே கசிவதுதான் காரணம். 1966-இல் வந்த ஷ்யூர் நிறுவனத்தின் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் கசிவதற்குத் தேக்கி வைத்த மின்னூட்டமே கிடையாது.

உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தகடு, அதன் முதுகில் ஒட்டிய மெல்லிய கம்பிக் காயில், காயிலைச் சுற்றி நூலிழை இடைவெளி விட்டு ஒரு காந்தம். குரல் பட்டுத் தகடு அதிர்ந்தால் காயிலும் கூடவே அசையும். காந்தப் புலத்துக்குள் கம்பி அசைந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்டது இதைத்தான். ஸ்பீக்கரைத் தலைகீழாக வேலை வாங்குகிறோம், அவ்வளவே. பேட்டரி வேண்டாம், மிக்சர் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேன்டமும் வேண்டாம். மிக்சரில் தவறிப்போய் ஃபேன்டம் போட்டுவிட்டாலும் கேபிள் சரியாக இருந்தால் மைக்குக்கு ஒன்றும் ஆகாது.

குறைகளும் அதே காயிலிலிருந்துதான் வருகின்றன. தகடு காயிலையும் சுமப்பதால் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எட்டாது. பேச்சுக்கும் பாட்டுக்கும் தாராளம், ஜால்ராவின் மினுக்கு மட்டும் மங்கும். வெளிவரும் சிக்னலும் சிறிது: 94 டெசிபல் சத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட். மட்டமான ஆம்ப்ளிஃபயரில் வால்யூமை ஏற்றினால் குரலோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும்.

ஹம் எனும் ரீங்காரம் வந்தால் உடனே மைக்கைக் குறை சொல்லாதீர்கள். நம் ஊர் மைக் செட்டுகளில் ஒரு முனையில் மூன்று முள் பிளக்கான எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் மோனோ ஜாக் வைத்த வயர்தான் அதிகம். ஐந்தாறு மீட்டருக்கு அது போதும். சரிவில் இறங்கி முப்பது மீட்டர் ஓடும் வயர், ஜெனரேட்டர் லைனை ஒட்டியே போனால் கட்டாயம் ரீங்காரமிடும். சிக்னலை இரண்டு கம்பிகளில் எதிரெதிராகக் கொண்டுபோய் வழியில் புகும் இரைச்சலைத் தள்ளிவிடும், இரு முனையும் எக்ஸ்எல்ஆர் உள்ள பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். மின் லைனைக் குறுக்கே தாண்டலாம், கூடவே ஓடக் கூடாது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மைக்கைத் திருப்பும்போது ஹம் கூடிக் குறைந்தால், ஆம்ப்ளிஃபயர் ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தைக் காயில் பிடிக்கிறது என்று பொருள். ஓரடி, ஈரடி தள்ளி வைத்தாலே தணியும்.

இன்னொரு எதிரி இரும்புத் துகள். பந்தல்காரர் இரும்புக் குழாய் அறுக்கும் இடத்தில் மைக்கைத் திறந்து போடக் கூடாது. காந்தம் துகளை இழுத்துக்கொண்டால் தகடு தடைபட்டுக் குரல் கரகரக்கும். அதை எடுப்பது பெரும் பாடு.

கூவல் (ஃபீட்பேக்) பெரும்பாலும் பிடிக்கிற கையால் வருவது. வலைக்குள் இருக்கும் துளைகள்தான் பின்புறச் சத்தத்தை ஒதுக்குகின்றன. பாட்டுக்காரர் வலையைக் கையால் பொத்தினால் அந்தத் தடுப்பு போய், ஸ்பீக்கர் சத்தம் திரும்பி நுழையும். பாடகரை நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் நேர் பின்னால் வையுங்கள்.

குளிரில் வாய் மூச்சு வலைக்குள் நீராகப் படியும். 'பூ... பூ' என்று ஊதிச் சோதிக்கிற பழக்கத்தை விட்டாலே பாதி ஈரம் குறையும். நிகழ்ச்சி முடிந்ததும் வலையைத் திருகிக் கழற்றி, அதை மட்டும் மென்மையான சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் கழுவுங்கள். ஆடி மாதச் சாரலில் ஓர் இரவில் வலைக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் காயாது. அடுப்படிச் சூடு நேரே படாத இடத்தில் இரண்டு நாள் விடுங்கள். ஈர ஸ்பாஞ்சோடு பெட்டியில் பூட்டினால் புளித்த நாற்றம் அடுத்த பாடகருக்கு. பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று கிடக்கட்டும்.

ஸ்விட்ச் உள்ள மாடலும் உண்டு. மலையில் ஸ்விட்ச் இல்லாததே மேல். ஈரத்தில் முதலில் கெடக்கூடியது அந்தத் தொடுமுனைதான். போலிகள் மலிந்திருப்பதால் மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பாருங்கள்: அசல் 298 கிராம். பல போலிகளின் கைப்பிடிக்குள் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்காது, எடையிலேயே தெரிந்துவிடும்.